சால்மன் பண்ணை கடலில், அடி விழுவது ஆற்றில்

2024 ஜூன் மாதம், தூண்டில்காரர்கள் ஆண்டு முழுக்கக் காத்திருக்கும் பருவத்தின் நடுவே, நார்வேயின் சுற்றுச்சூழல் துறை 33 ஆறுகளில் சால்மன் பிடிக்கத் தடை போட்டது. கடலுக்குப் போன மீன் திரும்பவில்லை. திரும்பிய கொஞ்சநஞ்சமாவது முட்டையிட மிஞ்ச வேண்டும் என்பதுதான் காரணம். 1980களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் அளவில் நார்வே கரைக்கு வந்துகொண்டிருந்த இயற்கைச் சால்மன் இன்று அதில் பாதிகூட இல்லை. அதே கரையோரம் வலைக்கூண்டுகளில் வளர்த்து அறுவடை செய்யும் சால்மனோ ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன்.

பழி முழுவதையும் பண்ணைமேல் போட முடியாது. கடல் சூடாகி இரை குறைந்திருக்கிறது. நீர்மின் அணைகள் பல ஆறுகளை மறித்துவிட்டன. ஐரோப்பியத் தொழிற்சாலைப் புகையால் பெய்த அமில மழை தெற்கு நார்வேயில் பல ஆறுகளின் சால்மனை அடியோடு அழித்தது, மாண்டால் போன்ற ஆறுகளில் சுண்ணாம்புத் தூள் கலந்துதான் மீனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் நார்வேயின் சால்மன் அறிவியல் குழு ஆண்டுதோறும் அச்சுறுத்தல்களை வரிசைப்படுத்தும்போது மீனின் தோலைத் தின்னும் கடல் பேனும், பண்ணையிலிருந்து தப்பும் மீனும், பண்ணையோடு வரும் நோயும் முன்வரிசையிலேயே நிற்கின்றன. கடல் சூடாவதை ஒரு நாடு தனியாக நிறுத்த முடியாது. இந்த மூன்றையும் நிறுத்த முடியும்.

பண்ணை என்றதும் எல்லோருக்கும் கண்ணில் வருவது கடலில் மிதக்கும் வட்டக் கூண்டு. ஆனால் சால்மன் பிறப்பது நன்னீரில். இலையுதிர் காலத்தில் தாய்மீன் ஆற்றுப் படுகைக் கூழாங்கல்லை வாலால் அடித்துக் குழி பறித்து முட்டையிட்டு மூடுகிறது. கல்லிடுக்கு வழியே ஓடும் நீரின் ஆக்சிஜனை நம்பி முட்டை குளிர்காலம் முழுக்க அங்கே கிடக்கும். வசந்தத்தில் வெளிவரும் குஞ்சு இரண்டு முதல் நான்கு ஆண்டு ஆற்றிலேயே வளர்கிறது. பிறகு உடல் வெள்ளியாக மினுங்கி, உப்புநீருக்கு ஏற்பச் செவுள் மாறி, 20 கிராம் எடையில் கடலுக்கு இறங்குகிறது. இந்தப் பருவத்துக் குஞ்சுக்கு ஸ்மோல்ட் என்று பெயர். ஓரிரு ஆண்டு, சில சமயம் மூன்றாண்டு கழித்துப் பெரும்பாலும் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். அதனால் ஒவ்வொரு ஆற்றுக்கும் தனித்தனி மீன் கூட்டம், அந்த ஆற்றின் குளிருக்கும் ஓட்டத்துக்கும் பழகிய மரபு. ஓர் ஆற்றில் அழிந்தால் பக்கத்து ஆற்று மீனைக் கொண்டு அப்படியே ஈடுகட்ட முடியாது.

பண்ணை மீனுக்கும் நன்னீர்ப் பருவம் உண்டு. கரையில் தொட்டிகளில் ஸ்மோல்ட் வளர்க்கும் பொரிப்பகங்கள்தான் அது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது பாஸ்பரஸ் கணக்கு. 100 கிராம் ஸ்மோல்ட் 20 லட்சம் வளர்க்கும் நிலையம் என்றால் 200 டன் மீன். அதற்கு 220 டன் தீவனம். தீவனத்தில் 1.2 சதவீதம் பாஸ்பரஸ் என்று வைத்தால் 2,640 கிலோ. மீனின் உடலில் தங்குவது எடையில் 0.4 சதவீதம், அதாவது 800 கிலோ. மீதி 1,840 கிலோ எச்சத்திலும் நீரிலும் போகிறது. நன்னீரில் பாசி வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவது பெரும்பாலும் பாஸ்பரஸ்தான். 1 கிலோ பாஸ்பரஸ் 100 கிலோவுக்கு மேல் உலர் பாசியை வளர்க்கப் போதும், அந்தப் பாசி அழுகும்போது 140 கிலோ ஆக்சிஜனை நீரிலிருந்து எடுக்கும். தெளிந்த ஏரி என்று சொல்ல லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே பாஸ்பரஸ் இருக்க வேண்டும். அந்த அளவோடு 1,840 கிலோவை ஒப்பிட்டால்தான் எந்த நிலையம் எந்த நீரில் கழிவை விடலாம் என்பது புரியும்.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. பாஸ்பரஸின் பெரும் பகுதி எச்சத் துகளில் இருப்பதால், துகள் உடைவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும். சுழலும் உருளை வடிகட்டி, 40 முதல் 60 மைக்ரான் கண்ணி, அதுவும் பம்புக்கு முன்னால். பலர் தவறுவது இங்கேதான். பம்பைத் தாண்டிய எச்சம் தூளாகிவிடும், தூளான எச்சத்திலிருந்து பாஸ்பரஸ் நீரில் கரைந்துவிடும், அதன்பிறகு எந்தக் கண்ணியாலும் பயனில்லை. வடிகட்டி பிடித்த சேற்றையும் நாள்கணக்கில் தேக்கி வைக்கக்கூடாது.

சிலியில் நடந்தது இதைவிடக் கடுமை. அங்கே சால்மன் சொந்த மீனே அல்ல, வடக்கு அரைக்கோளத்திலிருந்து கொண்டுபோனது. யாங்கிஹுவே, ருப்பாங்கோ போன்ற ஏரிகளில் கூண்டுகளை நேராக ஏரிக்குள்ளேயே மிதக்கவிட்டு ஸ்மோல்ட் வளர்த்தார்கள். தொட்டி இல்லை, வடிகட்டி இல்லை, தின்னாத தீவனமும் எச்சமும் ஏரியடியில் படியும். இவ்வளவு பெரிய ஏரியின் நீர் முழுதாக மாறப் பல பத்தாண்டுகள் பிடிக்கும் என்பதால் உள்ளே விழுந்த பாஸ்பரஸ் உள்ளேயே சுற்றுகிறது. தப்பிய சால்மனும் அதன் உறவு மீனான ட்ரவுட்டும் அந்நாட்டுச் சின்ன மீன்களைத் தின்று தீர்க்கின்றன. ஆண்டுக்கு 300 டன்னுக்கு மேல் ஆன்டிபயாடிக் பயன்படுத்தும் தொழில் அது. தடுப்பூசிக்கு மாறிய நார்வேயில் இதே கணக்கு ஒரு டன்னுக்கும் கீழே. அந்த நாட்டில் முதலில் மூட வேண்டியது ஏரிக் கூண்டுகளைத்தான்.

இனி கடல் பேன். பேர்தான் கடல் பேன், ஆனால் இதன் விளைவை ஆற்றில்தான் எண்ண முடியும். இது இறாலும் நண்டும் அடங்கிய ஓட்டுடலிப் பெருவகையைச் சேர்ந்த சிறு ஒட்டுண்ணி. முட்டையிலிருந்து வந்த குஞ்சு 10 டிகிரி நீரில் நான்கைந்து நாள் மிதந்து, பிறகு ஒட்டும் பருவத்தை அடைகிறது. அதற்குள் நீரோட்டம் அதைப் பத்து இருபது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்விடும். மீன்மேல் ஒட்டியதும் தோலையும் சளியையும் அரித்துத் தின்கிறது. பண்ணையில் இருக்கும் நான்கு கிலோ மீனுக்குப் பத்துப் பேன் ஒரு தொந்தரவு. கடலுக்கு அப்போதுதான் இறங்கிய 20 கிராம் ஸ்மோல்ட்டுக்கு அது மரணம். நார்வே ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல் கிராமுக்கு 0.3 பேனுக்கு மேல் இருந்தால் மீன் சாகும் என்பது. 20 கிராம் குஞ்சுக்கு ஆறு பேனோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? சராசரியாக ஒரு பண்ணை மீனுக்கு 0.5 முதிர்ந்த பெண் பேனுக்கு மேல் இருக்கக்கூடாது. ஸ்மோல்ட் கடலுக்கு இறங்கும் வசந்த வாரங்களில் 0.2. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டிப் பாருங்கள். எட்டுக் கூண்டு, கூண்டுக்கு ஒன்றரை லட்சம் மீன் என்றால் மொத்தம் 12 லட்சம். 0.2 என்றால் 2,40,000 பெண் பேன். ஒரு பேன் ஒரு முறைக்கு 300 முட்டை இட்டால்கூட 7 கோடிக்கு மேல். அதுவும் சட்டத்தை மீறாத ஒரே ஒரு பண்ணையில், ஒரே ஈட்டில். மீனுக்கு இத்தனை என்று வரம்பு வைப்பதில் உள்ள ஓட்டை இதுதான். மீன் கூடக் கூட, வரம்பு மாறாமலே பேன் கூடும்.

2017இல் நார்வே கொண்டுவந்த போக்குவரத்து விளக்கு முறை இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. கரையை 13 மண்டலமாகப் பிரித்து, பேனால் இறக்கும் இயற்கை ஸ்மோல்ட் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் பச்சை, உற்பத்தியை 6 சதவீதம் கூட்டலாம். 10 முதல் 30 வரை மஞ்சள், அப்படியே இருக்கலாம். 30ஐத் தாண்டினால் சிவப்பு, 6 சதவீதம் குறைக்க வேண்டும். அடிப்படை சரியானது, ஏனென்றால் அளவுகோல் பண்ணைக்குள் இல்லாமல் ஆற்று மீனிடம் இருக்கிறது. ஆனால் 30 சதவீதம் குஞ்சு சாகும் இடத்தில் 6 சதவீத வெட்டு போதவே போதாது. மண்டலம் முழுவதற்கும் சராசரி எடுப்பதால் பண்ணைகள் நெருக்கமாக உள்ள ஒரு ஃபியோர்டின் (மலைகளுக்கிடையே நுழையும் குறுகிய கடற்கழியின்) ஆறுகள் அதற்குள் காணாமல் போகின்றன.

கடல் ட்ரவுட்டின் நிலை இன்னும் மோசம். சால்மன் ஸ்மோல்ட் ஃபியோர்டைச் சில நாளில் கடந்து பெருங்கடலுக்குப் போய்விடும். ட்ரவுட் கோடை முழுக்கக் கரையோரத்திலேயே, பண்ணைக்குப் பக்கத்திலேயே மேயும். பேன் தாங்க முடியாமல் போனதும் பருவத்துக்கு முன்னே நன்னீருக்கு ஓடிவரும், நன்னீரில் பேன் உதிரும் என்பதால். ஜூனில் கழிமுகத்தில் பிடிபடும் அப்படிப்பட்ட மீனைக் கையிலெடுத்துப் பார்த்தால் முதுகுத் துடுப்பின் பின்விளிம்பு கிழிந்து, முட்கள் தோலின்றி நீட்டிக்கொண்டிருக்கும். துடுப்படியில் கரும்புள்ளி புள்ளியாக இளம் பேன்கள். தலைக்குப் பின்னால் தோல் வெளுத்து, சில இடங்களில் சதை தெரியும். வளர வேண்டிய கோடையில் மேயாமல் திரும்பிய மீன் அது, குளிர்காலத்தைத் தாண்டுமா என்பதே சந்தேகம்.

இங்கே ஒரு கவலையைச் சொல்லியாக வேண்டும். மருந்துக்குப் பேன் பழகிவிட்டதால் பண்ணைகள் இப்போது வெந்நீர்க் குளியல், நீர்ப் பீய்ச்சல், நன்னீர்க் குளியல் என்று மாறியிருக்கின்றன. கிணறு போன்ற தொட்டிகள் உள்ள கப்பலில் சில ஆயிரம் கன மீட்டர் நன்னீர் நிரப்பி, மீனை அதற்குள் மணிக்கணக்கில் வைக்கிறார்கள். பேன் பெரும்பாலும் சாகும். சில பேனோ நன்னீரை ஓரளவு தாங்கும். திரும்பத் திரும்ப இதையே செய்தால் தாங்கும் பேன்தான் தப்பிப் பெருகும். பெரும்பாலான மருந்துகளுக்கு நடந்தது இதுதான். கடல் ட்ரவுட்டுக்கு இருக்கும் ஒரே வைத்தியம் நன்னீர். அதைப் பண்ணை வசதிக்காகச் செல்லாக்காசு ஆக்குவதை ஏற்க முடியாது.

அடுத்தது தப்பும் மீன். வலை கிழிவது புயலில் மட்டுமல்ல. பேன் குளியலுக்காக வலையைத் தூக்கும்போது எடைச் சங்கிலி உரசுவது, கப்பலின் சுழலி பிடித்து இழுப்பது, வலையில் சிப்பி அப்பி நீரோட்டத்தின் இழுவை பல மடங்காவது என்று காரணங்கள் சாதாரணமானவை. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சைப்ரஸ் தீவருகே ஒரு கூண்டுத் தொகுதி முழுதும் சரிந்து இரண்டரை லட்சம் அளவில் மீன் தப்பியதற்கு வலையில் சேர்ந்திருந்த சிப்பியும் பாசியுமே முக்கியக் காரணம் என்று அரசு விசாரணை சொன்னது. 2023இல் ஐஸ்லாந்தின் பாட்ரெக்ஸ் ஃபியோர்டில் ஒரு கூண்டிலிருந்து சுமார் 3,500 மீன் தப்ப, வலையில் இருந்த சிறிய கிழிசல்கள் போதுமானதாக இருந்தன. அந்த மீன்கள் பல ஆறுகளில் ஏறின. நார்வேயிலிருந்து முக்குளிப்பவர்களை வரவழைத்து ஈட்டியால் குத்தி எடுத்தார்கள்.

பண்ணை மீன் 1970களிலிருந்து வேகமான வளர்ச்சிக்காகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கப்பட்ட மீன். அது ஆற்றில் ஏறி ஆற்று மீனோடு கலந்தால் பிறக்கும் குஞ்சு தொட்டியில் நன்றாக வளரும், ஆற்றில் பிழைக்காது. நார்வேயின் இம்சா ஆற்றில் நடந்த சோதனையில் பண்ணை மீனின் வாழ்நாள் இனப்பெருக்க வெற்றி ஆற்று மீனின் 16 சதவீதம்தான். அப்படியென்றால் தானே அழிந்துவிடுமே என்று தோன்றலாம். ஆண்டுதோறும் புதிதாகத் தப்பி வந்துகொண்டே இருந்தால் அழியாது. ஆற்றின் இடத்தையும் இரையையும் அந்தக் குஞ்சுகள் பிடித்துக்கொள்ளும், அடுத்த தலைமுறைக்கு மரபும் கலந்துகொண்டே போகும். ஆய்வு செய்த நார்வே ஆறுகளில் பாதிக்கு மேல் இந்தக் கலப்பின் தடம் தெரிகிறது. இதைப் பின்னோக்கித் திருப்ப எந்தத் தொழில்நுட்பமும் கிடையாது. கலப்பைத் தடுக்க மலட்டு மீன் வளர்த்துப் பார்த்தார்கள். முதுகெலும்புக் கோணலும் கண்புரையும் அதிகம், சூடான நீரில் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் சாவது அவைதான்.

நான்காவது கதை முழுக்க முழுக்க நன்னீரில் நடந்தது. என் பார்வையில் இந்தத் தொழில் செய்த தவறுகளிலேயே அதிகம் கற்றுத் தருவதும் இதுதான். கைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்பது அரை மில்லிமீட்டர் நீளமுள்ள புழு, கொக்கிகளால் சால்மன் குஞ்சின் தோலிலும் துடுப்பிலும் பிடித்துக்கொள்ளும். பால்டிக் பக்கத்துச் சால்மன் இதோடு காலங்காலமாக வாழ்ந்து தாங்கும் திறன் பெற்றது. நார்வே ஆற்று மீனுக்கு அந்தத் திறன் இல்லை. 1970களில் ஸ்வீடனிலிருந்து பொரிப்பகங்களுக்கு வாங்கிய குஞ்சோடு வந்து, அங்கிருந்து ஆறுகளில் விட்ட குஞ்சோடு பரவி, மொத்தம் 50 ஆறுகளுக்கு மேல் பிடித்தது. புழு முட்டையிடுவதில்லை, குட்டி போடும். பிறக்கும் குட்டியின் வயிற்றில் அடுத்த குட்டி ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு புழு போதும், சில வாரத்தில் ஒரு குஞ்சின்மேல் ஆயிரக்கணக்கில் ஆகிவிடும். தோல் சிதைந்து பூஞ்சை பிடித்துக் குஞ்சு சாகும். நோய் பிடித்த ஆறுகளில் பத்தில் எட்டுக் குஞ்சுக்கு மேல் அழிந்தது.

இதை ஒழிக்க ஒரு வாய்ப்பு, புழுவின் பலவீனத்திலேயே இருக்கிறது. அதற்கு இடையில் தங்கி வளர வேறோர் உயிர் தேவையில்லை, உறங்கும் முட்டை இல்லை, மீன் இல்லாவிட்டால் சில நாளில் சாகும், கடல்நீரில் வாழாது. ஆகவே ஆற்றில் உள்ள எல்லா மீனையும் கொன்றால் புழுவும் ஒழியும். அதற்கு ரோட்டனோன். டெரிஸ் போன்ற பயறு வகைச் செடிகளின் வேரிலிருந்து எடுக்கும் பொருள், செவுள் வழியே உள்ளே போய் உயிரணுவின் மூச்சை நிறுத்தும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு கலவை போதும். ஆனால் ஒரு குஞ்சுகூடத் தப்பக்கூடாது என்பதில்தான் வேலையே இருக்கிறது. நீர்மின் நிலையத்தோடு பேசி ஆற்று மட்டத்தைக் குறைக்க வேண்டும். பிரதான ஆற்றில் மருந்தைச் சொட்டவிடும் நிலையங்கள், ஒவ்வொரு கிளையாற்றிலும் ஓடையிலும் தனித்தனியாக, மருந்து நீர் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி நேரம் பார்த்துத் திறக்க வேண்டும். கரையோரத் தேக்கம், நாணல் புதர், வடிகால் குழாய் எல்லாவற்றிலும் முதுகுத் தெளிப்பான். பல தோல்விகளுக்குக் காரணம் நிலத்தடி ஊற்று. மருந்து வந்ததும் குஞ்சு சுத்தமான நீர் கசியும் ஊற்றுக் கண்ணுக்குள் போய் ஒதுங்கிவிடும். ரௌமா, ஸ்டெய்ன்கியேர் ஆறுகளில் 1990களில் மருந்திட்டபின் புழு திரும்பிவந்தது. இப்போது அடுத்தடுத்த இரண்டு ஆண்டு மருந்திடுகிறார்கள், பிறகு பல ஆண்டு குஞ்சு பிடித்துச் சோதித்த பின்பே ஆறு விடுபட்டது என்று அறிவிக்கிறார்கள்.

டிரிவா ஆற்றில் இன்னும் பொறுமையான வேலை. ஆறு நீளம், ஊற்றுகள் ஏராளம். அதனால் 2017இல் கடலிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் மேலே ஒரு தடுப்பணை கட்டினார்கள். தாய்மீன் அதற்குமேல் ஏற முடியாது. மேலே ஏற்கெனவே இருந்த குஞ்சுகள் வளர்ந்து கடலுக்கு இறங்கச் சில ஆண்டு காத்திருந்தார்கள். மேல்பகுதியில் சால்மனே இல்லாமல் போனதும் மருந்திட வேண்டிய தூரம் சுருங்கியது. 2022இலும் 2023இலும் மருந்திட்டார்கள். லேர்டால் ஆற்றில் அமிலமேற்றிய அலுமினியக் கரைசலால் மீனைக் கொல்லாமல் புழுவை மட்டும் கொன்று, 2017இல் ஆறு விடுபட்டது.

ரோட்டனோன் நீர்ப்பூச்சிகளையும் கொல்லும். அவை பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் மேலிருந்தும் காற்றில் பறந்தும் திரும்பிவிடும். மீன் அப்படித் திரும்பாது. ஆகவே மருந்திடும் முன்பே அந்தந்த ஆற்றின் மீனிலிருந்து முட்டையும் விந்தும் எடுத்து, கருவுற்ற முட்டையை அயோடின் கரைசலில் 10 நிமிடம் கழுவி, ஹவுக்விக், பியெர்கா போன்ற உயிர் மரபணு வங்கிகளில் வளர்க்கிறார்கள். ஆறு சுத்தமானதும் கண் தெரியும் பருவ முட்டையைக் கூழாங்கல்லுக்குள் புதைக்கிறார்கள். ஒரு லாரிக் குஞ்சைச் சோதிக்காமல் இறக்கியதற்கு ஐம்பது ஆண்டு வேலை!

கரையில் மூடிய தொட்டியில் முழுவதும் வளர்த்தால் பேன், தப்பல் இரண்டும் தீரும் என்பது உண்மை. ஸ்மோல்ட்டை அரை கிலோ, ஒரு கிலோ வரை கரையில் வைத்துக் கடலில் இருக்கும் காலத்தைக் குறைப்பதும் இப்போது பரவலாகிறது. நீரை 95 சதவீதத்துக்கு மேல் சுழற்றிப் பயன்படுத்தலாம். ஆனால் மின்சாரம் நிறைய வேண்டும், உப்பு கலந்த சேற்றை வயலில் உரமாகப் போட முடியாது. உவர்நீர் ஓடும் குழாயில் சேறு தேங்கினால் சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு உருவாகி, நிமிடக் கணக்கில் தொட்டி முழுதும் செத்து மிதக்கும். நீர் தேங்கும் முட்டுக் குழாயே இல்லாமல் வடிவமைப்பதுதான் இதற்குத் தீர்வு. செலவாகும் என்பதற்காக ஆற்றைப் பலி கொடுப்பது நியாயமில்லை, அந்தச் செலவு இப்போது ஆற்றின் கணக்கில் எழுதப்படுகிறது, அவ்வளவுதான்.

1980களில் வட நார்வேயின் ஃபின்மார்க் பகுதி மீன் ஆலைகளில் வேலைக்கு வந்த ஈழத்தமிழர் தொடங்கி, நார்வேயில் நம்மவர் பலர் இன்று ஆற்றோரம் தூண்டிலோடு நிற்கிறார்கள். அவர்களுக்குச் சில வேலைகள். ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும்போது காலணி, இடுப்புவரை போடும் ரப்பர் உடை, கைவலை எல்லாம் முற்றாக உலர வேண்டும். உலர நேரம் இல்லையென்றால் விர்கான் என்ற கிருமிநாசினியின் 1 சதவீதக் கரைசலிலோ 3 சதவீத உப்புக் கரைசலிலோ குறைந்தது 10 நிமிடம் ஊறவிடுங்கள், அல்லது ஒரு நாள் ஆழ்குளிரில் வையுங்கள். காலணியின் கம்பளி அடிப்பகுதி கடைசியாகத்தான் உலரும், புழு பிழைத்திருப்பதும் அதில்தான். ஓர் ஆற்று நீரை, பிடித்த மீனின் குடலை, மற்றோர் ஆற்றில் கொட்டாதீர்கள்.

பிடித்த மீன் பண்ணை மீனா என்று பார்க்கத் துடுப்பு விளிம்பு தேய்ந்திருக்கிறதா, வால் முனை மழுங்கியிருக்கிறதா, செவுள் மூடி குட்டையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். வயிற்றைத் திறந்தால் தடுப்பூசி எண்ணெயால் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், கறுப்புத் திட்டும் இருக்கும். சந்தேகம் இருந்தால் செதிலை ஆய்வுக்கு அனுப்புங்கள். ஆற்று மீனின் செதிலில் முதலில் நெருக்கமான வளையங்கள், ஆற்றில் கழித்த குளிர்காலங்கள் தெளிவாக, பிறகு சட்டென்று அகலமான கடல் வளையங்கள். பண்ணை மீனில் அந்த எல்லை கலங்கலாக இருக்கும். செதில் எடுக்க வேண்டிய இடம் முதுகுத் துடுப்பின் பின்முனைக்கும் கொழுப்புத் துடுப்புக்கும் (வாலுக்கு முன்னால் முதுகில் உள்ள சிறு சதைத் துடுப்பு) நடுவே, உடலின் பக்கவாட்டில் நீளும் கோட்டுக்கு மூன்று முதல் ஐந்து வரிசை மேலே. முதலில் கத்தி முதுகால் சளியை வழித்துவிட்டு, பத்துப் பதினைந்து செதில் எடுத்துக் காகித உறையில் போட்டு, ஆறு, தேதி, நீளம், எடை, ஆணா பெண்ணா என்று எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், ஈரத்தில் பூஞ்சை பிடித்து வளையம் படிக்க வராது.